ஊக்கம் கொடுக்கப் போனவள்

எலுமிச்சம்பழம் குடுத்தீங்களே சிஸ்டர், அதுலதான் உயிரே வந்துச்சு. பாருங்க, மூக்குக்கிட்டயே வெச்சிருக்கேன். மலை ஏறும்போது இப்படி இல்லீங்க. முன்னாடி சீட்டு கெடச்சுது. இறங்கறப்பதான் கொடலப் பெரட்டுது. இன்னும் எத்தன வளைவு இருக்குதுங்க? வேண்டாம், சொல்லாதீங்க. பேசிட்டே வந்தா தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நான் பேசறேன். நீங்க ஜன்னல் பக்கம் பாத்துட்டு வந்தாலும் பரவால்ல.

உங்க மலைப் பொண்ணு ஒருத்தியப் பாத்துட்டுத்தான் வர்றேன். பவளக்கொடின்னு பேரு. தெரியாதா? உங்க ஆஸ்பத்திரி பக்கம் இல்லீங்க. அதுக்கும் அந்தாண்ட, பஸ் திரும்பற எடத்துலருந்து உள்ள நடக்கணும். எங்க யுனிவர்சிட்டில என்கூட ஆராய்ச்சி படிக்கற பொண்ணு. படிக்கற பொண்ணுன்னு சொல்றதா, படிச்ச பொண்ணுன்னு சொல்றதான்னு இப்ப எனக்கே தெரியல. விட்டுட்டு ஊருக்கு வந்துட்டா. தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வான்னு எங்க மேடம் அனுப்பி வெச்சாங்க. அந்த வேலைக்கு உன்ன விட்டா ஆளில்ல கோகிலான்னாங்க. நெசந்தான். பொண்ணுங்களுக்கு ஊக்கம் குடுக்கறதுதான் இப்ப எனக்குத் தொழிலே.

சிரிக்காதீங்க சிஸ்டர். வெளையாட்டுக்குச் சொல்லல.

எனக்குச் சொந்த ஊரு ராசிபுரம் பக்கம். எங்கப்பா லாரி ஓட்டறவரு. வீட்டுல காலேஜ் போனவ நான் ஒருத்திதான். பூச்சியப் பத்திப் படிக்கறேன். மரவள்ளில வெள்ளை வெள்ளையா, மாவு பூசின மாதிரி ஒட்டியிருக்குமே, அந்த மாவுப்பூச்சி. உங்க மலைலயும் இருக்கும், ஆனா கீழ எங்க பக்கம் அளவு அதிகம். குருத்தையே சுருட்டிப்புடும். அந்தப் பூச்சியக் கொல்றதுக்குன்னே ஒரு சின்னக் குளவி இருக்குதுங்க. கொட்டாது, பயப்படாதீங்க. கடுகு பக்கத்துல வெச்சா கடுகு பெருசாத் தெரியும். அவ்ளோ சின்னது. அது மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டைய வெச்சிரும். குஞ்சு உள்ளயே வளந்து, பூச்சியத் தின்னுட்டு, முதுகுல ஓட்டை போட்டு வெளிய வரும். மருந்தே அடிக்க வேண்டாம். ஆனா நம்மூரு கோடையில அது தாங்குமா? பங்குனி சித்திரை வெயில்ல முட்டை வெக்குமா, செத்துப் போகுமா? அதுதான் என்னோட கேள்வி. கோடையில மட்டுந்தான் பாக்க முடியும். அந்த மாசத்த விட்டா அடுத்த வருஷந்தான்.

நல்ல கேள்விதானுங்களே? எங்க சௌந்தரம் மேடமும் அப்படித்தான் சொன்னாங்க. அவங்கதான் எனக்கு கைடு. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குப் பட்டம்.

மேடத்தைப் பத்தித் தப்பா சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. ரொம்ப நல்லவங்க. அவங்க படிக்கற காலத்துல லேப்புல பொம்பளைங்களுக்குன்னு ஒரு பாத்ரூம் கெடயாதாம். காலைல வந்தா சாயந்தரம் வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டாங்களாம். அதுலயே ஒடம்பு கெட்டுப் போச்சு. "எனக்கு ஒருத்தர் கூட நீ படின்னு சொல்லல கோகிலா. ஒருத்தி சொல்லியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்"னு சொல்லுவாங்க. சொல்லும்போது கண்ணு கலங்கிரும். அப்படிப்பட்டவங்ககிட்ட போய் முடியாதுன்னு நீங்க சொல்லுவீங்களா?

மொத தடவ நான் மேடை ஏறினது தற்செயலா நடந்ததுதான். ஒரு பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல்ல அறிவியல் விழா. சென்னைலருந்து வர்றதா இருந்த பெரிய சயின்டிஸ்ட் வரல. மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீ போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வா"ன்னாங்க. எனக்குப் பேசத் தெரியாது. பூச்சி ஒட்டின ஒரு குருத்தையும் லென்ஸையும் எடுத்துட்டுப் போனேன். முன்னாடி உக்காந்திருந்த பொண்ணக் கூப்பிட்டுப் பாக்க வெச்சேன். பூச்சி முதுகுலருந்து குளவி தலைய நீட்டற நேரம் பாருங்க, அந்தப் பொண்ணு "அய்யோ அக்கா, பொறக்குது!"ன்னு கத்துச்சு. அவ்ளோதான், ஸ்கூலே எந்திரிச்சு மேடைக்கு வந்துருச்சு. வரிசையில நின்னு ஒவ்வொருத்தியும் பாத்தாளுங்க. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லவே முடியாது சிஸ்டர். மறுநாள் பேப்பர்ல என் போட்டோ. எங்கப்பா அதை லாரிக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டாரு.

அங்க புடிச்சுதுங்க இந்த மேடைப் பேச்சு.

அப்புறம் வரிசையா வந்துட்டே இருந்துச்சு. இந்த ஸ்கூலு, அந்தக் காலேஜு, ரோட்டரி சங்கம், மகளிர் தினம். மேடத்தை யுனிவர்சிட்டிலயே பெண்களுக்கான அறிவியல் ஊக்குவிப்புக்கு ஒருங்கிணைப்பாளரா போட்டுட்டாங்க. காலைல ஹாஸ்டல் வாசல்ல வண்டி வந்து நிக்கும். "கோகிலா, சேலை கட்டிக்கிட்டு வந்துரு." நான் பின்னாடி உக்காந்து அதே பேச்சை மனசுக்குள்ள ஓட்டிப் பாப்பேன். எங்கப்பா லாரி டிரைவர், எங்க வீட்டுல நாந்தான் மொதல்ல காலேஜ் படி ஏறினவ, என்னால முடிஞ்சுதுன்னா உங்களாலயும் முடியும். அந்த எடத்துல நிறுத்தணும். நிறுத்தினா கை தட்டுவாங்க. குருத்தும் லென்ஸும் எடுத்துட்டுப் போறதை எப்ப விட்டேன்னு ஞாபகமில்ல. நேரமாகுதுன்னு யாரோ சொன்னாங்க, விட்டுட்டேன்.

குளவிக்கு தினமும் தேன் தொட்டு வெக்கணும் சிஸ்டர். லேப்புல செடியோட வெச்சு அதை வளக்கற கூண்டுல, வலை மேல ஒரு கோடு மாதிரி தடவி விடணும். செடிக்குத் தண்ணி தெளிக்கணும். வெயில் நேரத்துல ஒரு நாள் விட்டாலும் போச்சு. நான் நாமக்கல்ல மேடையில நின்னு உங்களால முடியும்னு சொல்லிட்டு வந்து கூண்டத் தொறந்தா, அடியில கறுப்பா தூசு மாதிரி கெடக்கும். கூட்டித்தான் எடுக்கணும்.

கேட்டுப் பாத்தேங்க. கேக்காம இல்ல. "மேடம், இந்த வாரம் குளவி வெளிய வர்ற நேரம், நான் வரல"ன்னேன். அவங்க கோபப்படவே இல்ல. என் தோள்ல கை வெச்சு, "குளவி அடுத்த தடவையும் வரும்மா. இந்தப் பொண்ணுங்க பரீட்சை முடிஞ்சு போயிட்டா கல்யாணம் பண்ணி வெச்சிருவாங்க. நீ பேசி ஒருத்தி மேல படிச்சான்னா அது ஒரு தீசிஸுக்குச் சமம்"னாங்க. சமந்தான். ஆனா யுனிவர்சிட்டில அப்படி எடுத்துக்க மாட்டாங்களே.

வேற யாராவது திட்டினா எதுத்துப் பேசலாம். கையப் புடிச்சு இழுத்தா ஒதறிட்டு ஓடலாம். இவங்க நல்லது பண்ணக் கூப்பிடறாங்க. நல்ல காரியத்துக்கு எப்படி வரமாட்டேன்னு சொல்றது? மொத கோடை அப்படியே போச்சு. எழுத ஒரு வரி இல்ல.

ஆமாங்க, இது பெரிய வளைவு போல. கம்பியப் புடிச்சுக்கறேன். நீங்க பேசாம இருங்க, நானே பேசறேன்.

அந்த ஆடி மாசத்துலதான் பவளக்கொடி சேந்தா. அதே மேடத்துக்கிட்டதான். ஒல்லியா, வாயே தொறக்காத பொண்ணு. கேட்டா கூட தலைய ஆட்டுவா. ஆனா கை இருக்குது பாருங்க, அப்படி ஒரு கை. அந்தக் கண்ணுக்குத் தெரியாத குளவிய ஈர பிரஷ்ஷால அடிபடாமத் தூக்கி அடுத்த கூண்டுல விடுவா. எனக்கே அப்படி வராது. நான் அவள நல்லா பாத்துக்கிட்டேன். நம்ம மாதிரி கஷ்டப்பட்டு வந்த பொண்ணு, நாமதான் கைதூக்கி விடணும்னு. ஊருக்குப் போயிட்டு வந்தா முறுக்கு கொண்டாந்து குடுப்பேன். நான் ஃபங்ஷனுக்குப் போற நாள்ல எல்லாம் கூண்ட அவகிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிருவேன். அவளுக்கும் வேலை பழகின மாதிரி ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு கூண்டுல கூட செடி காஞ்சு குளவி சாகல.

அவளுக்கும் ஏதோ யோசனை இருந்துச்சுங்க. மலை மேல மரவள்ளில ஏன் பூச்சி கம்மியா வருது, குளிர் காரணமா, இல்ல அங்க வேற ஏதாவது அதைப் புடிச்சுத் தின்னுதான்னு பாக்கணும்னா. நல்ல யோசனைதான். நான்தான் சொன்னேன், "மொதல்ல என் கூண்டுல நல்லா பழகிக்கோ பவளம், உன் வேலைய அடுத்த வருஷம் ஆரம்பிக்கலாம்"னு. அவசரப்பட்டா எதுவும் உருப்படியா வராது இல்லீங்களா?

தை மாசம் ஒரு ஸ்கூலுக்குப் போனோம். ஊர் பேரு வேண்டாம். பேசி முடிச்சேன், கை தட்டினாங்க. கேள்வி இருந்தா கேளுங்கன்னு டீச்சர் சொன்னாங்க. யாரும் கேக்க மாட்டாங்க, எப்பவும் அப்படித்தான். அன்னிக்குப் பாத்து கடைசி வரிசைல ஒரு பொண்ணு எந்திரிச்சுது. ரெட்டை ஜடை, கையில கட்டு போட்டிருந்துச்சு. "அக்கா, நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டுச்சு.

கிண்டல் இல்லீங்க. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குது. மூஞ்சியப் பாத்தாலே தெரியும்.

மைக்க மாத்திப் புடிச்சேன். அப்புறம், "கண்டுபிடிச்சுட்டே இருக்கேன் கண்ணு"ன்னேன். அதுக்கும் கை தட்டினாங்க. அந்தப் பொண்ணு தட்டல. உக்காந்துருச்சு, அவ்ளோதான். வண்டில வரும்போது மேடம், "சமயோசிதமா சொன்ன பாரு, சூப்பர்"னாங்க. எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்கல.

அப்பதான் முடிவு பண்ணினேன். இந்தக் கோடைய விட்டா நான் அவ்ளோதான். எப்படியாவது வெளிய வந்துரணும்.

மேடத்துக்கிட்டப் போனேன். போயி, "மேடம், நான் பேசிப் பேசிப் பழசாயிட்டேன். பவளக்கொடிய அனுப்பிப் பாருங்க. மலைலருந்து வந்த பொண்ணு, என்னைவிட அவளப் பாத்தாத்தான் பிள்ளைங்களுக்கு நம்பிக்கை வரும்"னேன். மேடம் முகம் மலர்ந்துருச்சு. "இது எனக்குத் தோணாமப் போச்சே! நீ வளந்துட்ட கோகிலா, அடுத்தவளுக்கு எடம் விடத் தெரிஞ்சிருக்குது"ன்னாங்க. எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு.

பவளம் என்ன சொன்னா தெரியுங்களா? "மேடை எனக்கு வேணாங்க அக்கா. நான் கூண்டப் பாத்துக்கறேன்"னா. அழுதா கூட. நானே அப்படி நடுங்கினவதானே, எனக்குத் தெரியாதா? "பயப்படாத, உன்னால முடியும்"னேன். என் பேச்ச அப்படியே சொல்லிக் குடுத்தேன். லாரி டிரைவர்னு வர்ற எடத்துல உங்கப்பா என்ன பண்றாரோ அதப் போட்டுக்கன்னேன். எங்க நிறுத்தணும், எங்க சிரிக்கணும், எல்லாம் சொல்லிக் குடுத்தேன். என் நல்ல சேலை ஒண்ணையும் குடுத்தேன். இப்படி எனக்கு யாருங்க பண்ணினாங்க?

மொத நாள் மேடைல நின்னுட்டு வாயே தொறக்கல. கண்ணுல தண்ணி கொட்டுது. பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சுக் கை தட்டிருச்சுங்க. மேடம் வந்து, "எவ்ளோ இயல்பா இருந்துச்சு தெரியுமா?"ன்னாங்க. அப்புறம் போகப் போகப் பேசக் கத்துக்கிட்டா. மாசிலருந்து சித்திரை வரைக்கும் அவதான் போனா. காலைல வந்து கூண்டப் பாத்துட்டு வண்டி ஏறுவா, வந்ததும் சேலையோடயே கூண்டுகிட்டப் போயிருவா. ஏன்னா அந்தக் கூண்டு அவ கைக்குத்தான் பழகியிருந்துச்சு. நான் வெளித்தோட்டத்துல செடி செடியா உக்காந்து பாத்தேன்.

ஓடுச்சுங்க வேலை! குளவி வெயில் தாங்குது சிஸ்டர். மத்தியானத்துல அசையாம நுனிக்குருத்துக்குள்ள போய் ஒடுங்கிக்குது. வெயில் தணிஞ்சதும் வெளிய வந்து முட்டை வெக்குது. நான் என் கண்ணால பாத்தேன். அன்னிக்குத் தோட்டத்துலயே உக்காந்து அழுதேன். கையில கட்டுப் போட்ட அந்தப் பொண்ணு எந்த ஊரோ, அதத் தேடிப் போயி, இதுதான் கண்ணு நான் கண்டுபிடிச்சதுன்னு சொல்லணும் போல இருந்துச்சு.

அந்த வாரமே பேப்பர்ல வந்துச்சுங்க. என் போட்டோ இல்ல. பவளம் போட்டோ. என் சேலையில. "வெயில் தாங்கும் குளவி: மலைக்கிராம மாணவியின் ஆராய்ச்சி"ன்னு போட்டிருந்தான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

லேப்புக்குப் போனேன். எல்லாரும் இருந்தாங்க. பேப்பர அவ முன்னாடி போட்டு, "என்ன பவளம் இது?"ன்னேன். "நான் பேப்பர்காரங்ககிட்டச் சொல்லலைங்க அக்கா. ஸ்கூல்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்கன்னு. குளவி வெயில் தாங்கறதச் சொன்னேன். அதக் கேட்டு எழுதிட்டாங்க"ன்னா.

"அது என் குளவி. உன் வேலைன்னு எப்படிச் சொல்லலாம்?"

"எனக்குன்னு சொல்ல வேற என்னக்கா இருக்குது?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மேடையில நின்னுக்கிட்டு ஒண்ணும் இல்லன்னு எப்படிக்கா சொல்றது?"

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. கேட்டேன், கொஞ்சம் சத்தமாவே கேட்டேன்னு வெச்சுக்கங்க. நன்றி வேணாமான்னு கேட்டேன். சொல்லிக் குடுத்தவ வேலையையே தூக்கிக்கிட்டுப் போவியான்னு கேட்டேன். என்ன பாக்கறீங்க? எனக்கும் அந்தக் கேள்வி வந்துச்சேன்னா? வந்துச்சுதான். ஆனா நான் அடுத்தவங்க வேலைய என்னுதுன்னு சொன்னேனா? அது வேற, இது வேற சிஸ்டர்.

மறுநாள் அவ வரல. ஹாஸ்டல்ல கேட்டா, காலி பண்ணிட்டுப் போயிட்டான்னாங்க. சேலையத் தொவச்சு மடிச்சு என் கட்டில் மேல வெச்சிருந்தா. கூண்டுல போய்ப் பாத்தேன். தேன் புதுசா தடவியிருந்துச்சு. போற அன்னிக்கும் தடவிட்டுத்தான் போயிருக்கா.

அதுக்கப்புறம் என் கதி? பழையபடி ஹாஸ்டல் வாசல்ல வண்டி. "பவளம் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோம்மா"ன்னாங்க மேடம். கூண்டு ரெண்டு காஞ்சுருச்சு. இன்னொரு தடவ செஞ்சு பாத்தாத்தான் தீசிஸ்ல நிக்கும், ஒரு தடவ பாத்ததெல்லாம் செல்லாதுன்னு கமிட்டில சொல்லிட்டாங்க. பாதி எழுதி வெச்சிருக்கேன், மீதிய எழுத உக்காந்தா போன் வருது. கடைசில மேடமே சொன்னாங்க, "அந்தப் பொண்ணு பயந்துட்டா போல. நீ போய் நல்லபடியா பேசு. ஒரு பொண்ணு பாதில விட்டுட்டுப் போனா நம்ம திட்டத்துக்கே கெட்ட பேரு"ன்னு. எனக்கும் அவ வந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. கெளம்பி வந்தேன்.

அவங்கம்மா ரொம்ப நல்லாக் கவனிச்சாங்க. பலாச்சுளை வெட்டி வெச்சாங்க. "பாப்பா காட்டுல இருக்குது, போங்க"ன்னாங்க. போறேன், மரவள்ளிக் காட்டுக்கு நடுவால ஒரு கொசுவலை கட்டியிருக்குது. நாலு மூங்கில் நட்டு, அதுமேல பழைய கொசுவலை. ஊதா கலரு, அங்கங்க ஊசியால தெச்சிருக்குது. உள்ள ரெண்டு செடி. பக்கத்துல வலை கட்டாம ரெண்டு செடி, அதுல சிவப்புத் துணி கட்டி அடையாளம். அந்த வலைக்கு முன்னாடி குத்தவெச்சு உக்காந்திருக்கா பவளம். முதுகக் காட்டிக்கிட்டு. நான் வந்ததே தெரியல.

அதெல்லாம் ஆராய்ச்சின்னு சொல்ல முடியாதுங்க. வலைல ஓட்டை. செடியெல்லாம் ஒரே வயசு கெடயாது. முறைப்படி பாத்தா ஒண்ணும் நிக்காது. அதத்தான் மொதல்ல சொல்ல வாயெடுத்தேன். அவ திரும்பிப் பாத்து, "சத்தம் போடாதீங்க அக்கா, இங்க வந்து பாருங்க"ன்னா.

உக்காந்தேன். வலைக்கு வெளிய இருந்த செடில மாவுப்பூச்சி மேல ஒரு புழு ஊருது. அதுவும் வெள்ளையா, பூச்சி மாதிரியே மாவு பூசிக்கிட்டு. சட்டுனு பாத்தா பெரிய மாவுப்பூச்சின்னே நெனப்பீங்க. கொஞ்ச நேரம் பாத்தாத்தான் தெரியுது, ஒவ்வொண்ணாப் புடிச்சுத் தின்னுட்டே போகுது. பொறிவண்டோட புழுவாம். மாவு பூசிக்கிட்டு அதுங்க நடுவுலயே குடியிருக்குது. "வலைக்கு உள்ள இது இல்லக்கா, அங்க பாருங்க, பூச்சி எப்படி அடஞ்சு கெடக்குதுன்னு"ன்னா. நான் பாத்தேன். எவ்ளோ நேரம் உக்காந்திருந்தோம்னு தெரியாது. கால் மரத்துப் போச்சு. அப்படி ஒரு செடிக்கு முன்னாடி சும்மா உக்காந்து எத்தன நாளாச்சு சிஸ்டர்.

அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்துச்சு. பேச ஆரம்பிச்சேன். "பவளம், நீ நல்லா வரவேண்டிய பொண்ணு. உன்ன மாதிரி பொண்ணுங்க பாதில நிறுத்தக் கூடாது. என்னால முடிஞ்சுதுன்னா..." அந்த எடத்துல நான் நிறுத்தினேன். எப்பவும் நிறுத்தற எடம். அவ என்னப் பாத்தா. சிரிச்சாளா இல்லையான்னு கூடத் தெரியல. எனக்கு அதுக்கு மேல வரல. மேடையில்லாமப் பேச வேற வார்த்தையே எங்கிட்ட இல்ல.

அவதான் பேசினா. "வர்றேங்க அக்கா. ஆனா மேடைக்கு வரமாட்டேன். உங்க கூண்டயும் பாக்க மாட்டேன். எனக்குன்னு ஒரு கூண்டு குடுக்கச் சொல்லுங்க, இந்தப் புழுவ வெச்சுப் பாக்கணும்."

"அது மேடம் முடிவு பண்ண வேண்டியதாச்சே பவளம். நீயே கேளேன்."

"கேட்டேங்க அக்கா. சேந்தப்பவே கேட்டேன். கோகிலாகிட்டக் கேளுன்னாங்க. உங்ககிட்டக் கேட்டேன். அடுத்த வருஷம்னீங்க."

எப்படிப் பேசறா பாருங்க. வாயே தொறக்காத பொண்ணு சிஸ்டர்! நான்தான் பேசப் பழக்கி விட்டேன்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க அக்கா, சரின்னாங்கன்னா மறுநாளே வர்றேன்"னு சொல்லிட்டு, பஸ் நிக்கற எடம் வரைக்கும் கூடவே வந்து ஏத்தி விட்டா. முன்சீட்டு கெடைக்கலன்னு அவளுக்குத்தான் வருத்தம்.

அவ்ளோதாங்க நடந்தது. தப்பு யாரு மேலன்னு நீங்க சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. எனக்கு இப்பத்தான் வயிறு கொஞ்சம் அடங்கியிருக்குது.

இருங்க, போன். மேடந்தான்.

"சொல்லுங்க மேடம்... பாத்தேங்க மேடம். நல்லாத்தான் இருக்கா... வர்றேன்னுதான் சொல்றா மேடம். ஆனா... இல்லீங்க மேடம், கல்யாணமெல்லாம் இல்ல... அவ ஒண்ணு கேக்கறா மேடம்... ம்... சரிங்க மேடம்... நாளைக்கா? ஓமலூர்ங்களா? கூண்டுல நாளைக்கு... இல்ல, பரவால்லீங்க... சரிங்க மேடம். வந்துடறேன் மேடம். நீலச் சேலைதானுங்களே? சரிங்க மேடம்."

வெச்சுட்டாங்க.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? கேக்க வந்தேன், அதுக்குள்ள அவங்க வேற பேச்சுக்குப் போயிட்டாங்க. அவசரத்துல இருந்தாங்க. நாளைக்கு நேர்ல பாத்து நிதானமா... நாளைக்கு எங்க, வண்டில கலெக்டர் ஆபீஸ் அம்மாவும் வருவாங்க, அவங்க முன்னாடி எப்படிக் கேக்கறது. திங்கக்கெழம கேக்கலாம். திங்கக்கெழம மீட்டிங்கு.

நீங்க ஊசி போடற கையால என் கையப் புடிச்சா எனக்கு அழுகை வந்துரும் சிஸ்டர். விடுங்க.

இப்பவே கூப்பிடறதா? இந்த வளைவுலயா? சிக்னல் போயிருமே. இருக்குதுங்களா? ரெண்டு கோடு காட்டுது. என்னன்னு கேக்கறது, அவளுக்குக் கூண்டு வேணும்னா, அப்ப யாரு ஓமலூர் போறதும்பாங்க. நானும் போகலைன்னு சொல்லணும். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லணும், இல்லன்னா நடுவால பூந்து அவங்க ஒண்ணு சொல்லுவாங்க, நான் சரிங்க மேடம்னுருவேன். எனக்கு அது வாயிலயே வந்து நிக்குது.

இந்தப் பழத்தைக் கொஞ்சம் புடிங்க.

அடிக்குது. எடுக்க மாட்டாங்க, இப்பத்தானே பேசினாங்க. எடுக்கலன்னா நான் என்ன பண்ண முடியும், நீங்களே பாத்தீங்க, நான் கூப்பிட்டேன்...

"மேடம், நான்தாங்க மேடம், கோகிலா. ஒண்ணு சொல்லாம விட்டுப் போச்சுங்க... இல்லீங்க மேடம். நாளைக்கு வண்டியப் பத்தி இல்லீங்க."